இருபத்தேழு தோலா

சாந்தினி சௌக்கில் மெட்ரோவை விட்டு ஏறி வந்தால்
முதலில் ஜிலேபி வாசனை, பிறகு ரிக்‌ஷாக்காரன் வசவு,
பிறகுதான் கூச்சா சௌத்ரி சந்தின் வாய்.
அலமாரி அலமாரியாய் லென்சுகள்,
ஒன்றுகூட இமைக்காது.

இங்கே என்னைத் தெரியாத கடை இல்லை.
ஆர்.கே.புரத்திலும் கரோல்பாகிலும்
இருபத்திரண்டு வருஷம் தாலி முடிச்சுக்குக் காத்து நின்றவன்.
மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டு முடிப்பதற்குள்
அழுத்திவிட வேண்டும். தவறினால்
அவிழ்த்துக் கட்டச் சொல்ல முடியாது.
ஒன்றே முக்கால் கிலோ. பிளாஷ் வேறு. பட்டை வேறு.
வலது தோள் இரண்டு விரற்கடை இறங்கிப்போய்
தையற்காரர் இப்போதெல்லாம் கேட்காமலே
அந்தப் பக்கம் பஞ்சு வைத்துத் தைக்கிறார்.

'எடை குறைந்ததாக ஒன்று காட்டு' என்றேன்.
குரானா என் முகத்தைப் பார்க்கவில்லை,
தோளைப் பார்த்தான்.
'யார் வீட்டுக் கல்யாணம்?'
'கல்யாணம் இல்லை. சமர்கண்ட். எட்டு நாள்.
நானும் தமயந்தியும்.'
'ஆர்டர் யாருடையது?'
'யாருடையதும் இல்லையப்பா.'
இதை இந்தியில் மூன்று விதமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

தமயந்தி ஸ்டூலில் உட்கார்ந்து
டிக்கெட்டை மறுபடி படித்தாள்.
மலிவு டிக்கெட்; பெட்டி கிடையாது, கைப்பை ஏழு கிலோ.
அவள் பட்டியலில் ஸ்வெட்டர் இரண்டு, பிரஷர் மாத்திரை,
காப்பிப் பொடி கால் கிலோ, அதற்கு ஃபில்டர்.
'உங்கள் சாமான் எவ்வளவு என்று சொன்னால்
என் காப்பி பிழைக்குமா பார்க்கலாம்.'

கண்ணாடி மேசைமேல் ஐந்து வந்து உட்கார்ந்தன.
ஒன்றுக்குத் திரை மடங்கும். ஒன்று மழைக்கு அஞ்சாது.
ஒன்று பெரிய வீட்டுப் பிள்ளை, விலை கேட்டதும்
தமயந்தி அதை நகர்த்தி வைத்தாள்.
கடைசியாய் ஒரு குட்டி. அதில் கண் வைத்துப் பார்க்க
ஓட்டையே இல்லை. தெரியாமல் நான்
இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால்
அதன் முதுகில் போய் முட்டிக்கொண்டேன்.
குரானாவின் பையன் சிரிப்பை விழுங்கினான்.

அட்டையில் அச்சடித்த எடையை நம்ப
தமயந்தி தயாரில்லை.
'பேட்டரி சேர்த்தா, சேர்க்காமலா?'
குரானாவுக்குத் தெரியவில்லை.
பையன் குட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடினான்,
பின்னாலேயே நாங்கள்,
தரீபாவில் ரஸ்தோகியின் வெள்ளிக் கடைக்கு.
கொலுசு நிறுக்கும் தராசு, காற்றுப் படாத கண்ணாடிக் கூண்டு.
மெட்டி மாற்ற வந்தவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.
ரஸ்தோகி மூச்சைப் பிடித்து வைத்தார், பார்த்தார்,
கடை வழக்கப்படி உரக்கச் சொன்னார்:
'இருபத்தேழு தோலா.'
பிறகு, பழக்கதோஷம்,
'செய்கூலி தனி.'

முந்நூற்றுப் பதினைந்து கிராம்.
தமயந்தி எழுதினாள், கூட்டினாள்,
ஸ்வெட்டர் ஒன்றை அடித்தாள்.
என் ஸ்வெட்டர்.

திரும்பும்போது அது என் சட்டைப்பையில்.
சாவ்ரி பஜார் வருவதற்குள் மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன்.
கனமாய்த் தொங்கிய வரை
தொலைந்துபோகும் என்று நினைத்ததே இல்லை.
தோளுக்கு மட்டும் செய்தி எட்டவில்லை போல,
பழைய சாய்விலேயே
பட்டை வந்து விழக் காத்திருந்தது.

வீட்டில் திறந்தால் ஏற்கெனவே ஒரு படம்.
அணைக்க மறந்திருக்கிறேன்;
ராஜீவ் சௌக் நெரிசலில் எவர் முழங்கையோ எடுத்தது.
என் சட்டைப்பையின் உட்புறம். நீல இருட்டு.
மருந்துக்கடை ரசீதின் ஓரம்,
பிரிந்து தொங்கும் ஒரு நூல்,
ஃபோகஸ் கச்சிதமாய் அந்த நூலில்.
யாரையும் நிமிரச் சொல்லவில்லை,
மாலையைச் சரிசெய்யச் சொல்லவில்லை.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தமயந்தி வெகுநேரம் பார்த்தாள்.
'இதற்கு யாரிடம் பில் போடுவீர்கள்?'

தெரியவில்லை.
அழிக்கும் பொத்தான் எது என்றும்
இன்னும் தெரியவில்லை.